என் ஆத்துமாவுக்கு நானே கண்ட பூசை

அது ரெண்டாயிரம் பொறந்து ஆறேழு வருஷம் ஆயிருக்கும். ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தபசுகாலம். பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில, எங்க தெரு முக்குல இருக்கற கோயில்ல, காலைல ஆறு மணி பூசையில நடந்தது. கோயில்னா நாங்க மாதா கோயிலைத்தான் சொல்லுவோம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமவதான் எழுதுது. "அத்தே, கொஞ்சம் மெதுவா, கை வலிக்குது"ன்னு இப்பவே ஆரம்பிச்சிருச்சி. யார் பேரும் போட வேணாம்னு சொல்லிட்டேன். இதுல பெரிய தப்பு பண்ண ஆளு நான்தான், மத்தவங்களை எதுக்கு மாட்டி விடணும்?

என் வீட்டுக்காரர் மில்லுல வேலை பாத்தவரு. நானும் அதே மில்லுல நூல் சுத்தற எடத்துல இருந்தவதான். சங்கு ஊதுனா ஓடணும், சங்கு ஊதுனா வரணும். ஸ்கூல் பக்கம் போனதில்ல. அதனால எதுவா இருந்தாலும் வாயைத் தொறந்து கேட்டுத்தான் தெரிஞ்சிக்குவேன். மீன் தூங்குமா, தூங்குனா கண்ணை மூடுமான்னு மீன்காரம்மாவ கேப்பேன். ஏரோப்ளேன் மழையில நனைஞ்சா என்னா ஆவும்னு கேப்பேன். சாமியாருங்களையும் விட்டதில்ல. ஒரு தடவ பிரசங்கத்துல, ஏசுநாதரோட சீஷரு ராயப்பரு இருக்காரே, அவரோட மாமியாருக்கு ஜொரம் விட்டதும் எழுந்து எல்லாருக்கும் சோறு போட்டாங்கன்னு சொன்னாரு. பூசை முடிஞ்சதும் போயி, "அன்னிக்கி என்னா கொழம்பு சாமி வச்சாங்க?"ன்னு கேட்டேன். அவரு வயசான சாமியாரு, நல்ல மனுஷன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "மருமவன் மீன் புடிக்கறவரு, மீன் கொழம்பாத்தான் இருக்கும்"னாரு. எனக்கு அவ்ளோ சந்தோஷம். வீட்டுக்கு வந்து நானும் மீன் கொழம்பு வச்சேன்.

என் வீட்டுக்காரர் சிரிப்பாரு. "மோட்சத்துக்குப் போனா நீ அங்க வாசப்படியிலயே நின்னு கேள்வி கேட்டுகிட்டு இருப்ப, பின்னாடி வர்றவங்க எல்லாம் வெய்யில்ல நிக்கணும்"பாரு.

இந்தப் பூசைக்கு நாலு வருஷம் முன்னாடி அவரு போனாரு. நெஞ்சு வலின்னு உக்காந்தாரு, அவ்ளோதான். அன்னிக்கி எனக்குப் பொறந்த நாளு. எங்களுக்கெல்லாம் பொறந்த நாள்னு ஒன்னு கெடயாது, ஆனா பிரெஞ்சுக்காரன் காலத்துல பொறந்ததால 'மேரி'யில, அதான் முனிசிபாலிட்டி ஆபீசுல, பிரெஞ்சுல எழுதி வச்சிருக்கான். அந்தப் பேப்பரைப் பாத்து என் புள்ளதான் தேதி சொன்னான். பாரு, எழுதி வைக்கலன்னா ரெண்டும் ஒரே நாளுன்னு தெரியாமலே போயிருக்கும்.

அவரு போனதுக்கப்புறம் நான் கேள்வி கேக்கறதை நிறுத்திட்டேன். யாரும் கண்டுக்கல. ஏன்னா பேசறதை நிறுத்தல. பூசைக்குப் போவேன், ஜெபமாலை சொல்லுவேன், தெருக்காரங்க கூடி ஜெபம் பண்ற அன்பியக் கூட்டத்துல பாட்டு பாடுவேன். எல்லாரும், "ஆயா எப்பவும் சிரிச்ச முகம்"னு சொல்லுவாங்க. ஆனா படுக்கறப்ப ஆண்டவர்கிட்ட தெனம் ஒன்னே ஒன்னுதான் கேப்பேன். "எழுபது போதும் சாமி. என்னைக் கூப்பிட்டுக்கோ." அதை நான் பக்தின்னு நெனச்சிகிட்டு இருந்தேன். விசுவாசம் உள்ளவ அப்படித்தான் ரெடியா இருக்கணும்னு.

ரெடின்னா நெஜமாவே ரெடி. கட்டிலுக்கு அடியில பச்சை டிரங்குப் பொட்டி ஒன்னு. அதுல நான் போறன்னிக்கி வேண்டியது எல்லாம் எடுத்து வச்சிருந்தேன். வெள்ளைப் புடவை, ஜாக்கெட்டு, காலுக்கும் கைக்கும் வெள்ளை உறை, மந்திரிச்ச மெழுகுவத்தி, ஒரு பாடுபட்ட சுரூபம், அதான் ஏசு தொங்கற சிலுவை, அப்புறம் மாதா சபைக்காரங்க கழுத்துல போடற ரிப்பன். எங்க ஆளுங்கள்ல வயசான பொம்பளைங்க நெறைய பேரு இப்படி வச்சிருப்பாங்க, அந்த நேரத்துல புள்ளைங்க அலையக்கூடாதுன்னு. அந்தப் புடவையை என் வீட்டுக்காரர்தான் வாங்கியாந்தாரு. அவரு போறதுக்கு முன்னாடி கிறிஸ்மஸுக்கு. "வெள்ளையா ஒன்னு வாங்கியாங்க, பொட்டியில வக்க"ன்னு சொன்னேன். சாயங்காலம் கரண்டு இல்லாத நேரத்துல கொண்டாந்து கையில குடுத்தாரு. "வெள்ளைதான?"ன்னு கேட்டேன். "வெள்ளைதான்"னாரு. மீசைக்குள்ள சிரிச்ச மாதிரி இருந்துச்சி. அப்பவே எனக்குக் கண்ணு மங்கல் ஆரம்பிச்சிருந்துச்சி. வயசுன்னு விட்டுட்டேன். மடிப்புக் கலைக்காம அப்படியே உள்ள வச்சிட்டேன்.

கண்ணு கதைக்கு வர்றேன். ரெண்டு கண்ணுலயும் புரை. சோத்துல கல்லு இருந்தா பல்லுல கடிச்சாத்தான் தெரியும். ஆளு வந்தா நடையை வச்சி, கொரலை வச்சிக் கண்டுபுடிப்பேன். பீடத்துல எரியற மெழுகுவத்தி எல்லாம் பஞ்சு மிட்டாய் மாதிரி பெருசு பெருசா தெரியும். டாக்டரம்மா பாத்துட்டு, "ஆப்பரேஷன் பண்ணா நல்லா தெரியும் பாட்டி, பயப்படாதீங்க"ன்னு சொன்னாங்க. எனக்குப் பயமே கெடயாது. போறவளுக்கு எதுக்குக் கண்ணு, அதான் என் நெனப்பு. இன்னிக்கி நாளைக்கின்னு ரெண்டு வருஷம் ஓட்டிட்டேன்.

இதுல ஒரு சண்டை வேற. என் மருமவளோட அம்மா, என் சம்மந்தி, உழவர்கரையில இருக்காங்க. அவங்க ஏற்கெனவே கண்ணு ஆப்பரேஷன் பண்ணிகிட்டு, ஊசியில நூலு கோக்கறேன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் கோத்துக் காட்டிகிட்டு இருந்தாங்க. ஒரு நாள் எங்க வீட்டுக்கு வந்தப்ப நான் தடுமாறி அடுப்புல கொதிக்கற ரசத்தைக் கொட்டிட்டேன். மருமவ காலுல தெறிச்சிருச்சி. அவ்ளோதான், அந்தம்மாவுக்கு வந்துச்சே கோவம்.

"உங்களுக்கு ஆண்டவர் மேல நம்பிக்கையா, இல்ல பிடிவாதமா சம்மந்தி? எம் பொண்ணு உங்க பின்னாலயே ஓடிகிட்டு இருக்கணுமா?"

"எனக்கு வேண்டியதை என் ஆண்டவர் பாத்துக்குவாரு. உங்க ஊசி நூலை எடுத்துகிட்டு போங்க."

வாங்க போங்கன்னு மரியாதையாத்தான் சண்டை போட்டோம். ஆனா அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல அவங்க இங்க வரல, நானும் அங்க போவல. ஈஸ்டருக்குக் கூடப் பலகாரம் மருமவ கையிலதான் போச்சி, வந்துச்சி. (எழுதறவ தலையைக் குனிஞ்சிகிட்டு சிரிக்குது. ரெண்டு கெழவிங்களுக்கு நடுவுல அதுதான் பாவம்.)

இப்ப பூசைக்கு வர்றேன்.

என் வீட்டுக்காரர் நினைவு நாளுக்கு வருஷா வருஷம் பூசை வைப்போம். அந்த வருஷம் எனக்கு எழுபது முடியுது. "மாமாவுக்குப் பூசை வக்கறப்ப உங்களுக்கும் ஒரு நன்றிப் பூசை சேத்து வச்சிருவோம் அத்தே"ன்னு மருமவ சொல்லுச்சி. எனக்கும் சரின்னு பட்டுச்சி. எழுபது குடுத்தாரு, போதும், தேங்க்ஸ் சொல்லிட்டுக் கெளம்பலாம்னு.

மொத நாள் சாயங்காலம் கோயில் ஆபீசுக்கு நானே போனேன். அங்க உபதேசியார் ஒருத்தர். கோயில்ல ஜெபம் சொல்றது, பூசைக் கருத்து, அதான் யாருக்காகப் பூசைன்னு எழுதறது எல்லாம் அவருதான். பெரிய நோட்டு ஒன்னு வச்சிருப்பாரு. ஒரு பக்கம் உயிரோட இருக்கறவங்களுக்கு நன்றி, வேண்டுதல். எதுர் பக்கம் செத்தவங்க. பூசைக்கு முன்னாடி அதைப் பாத்து மைக்குல படிப்பாரு. நான் போயி, "நாளைக்கி என் வீட்டுக்காரருக்கும் எனக்கும்"னு சொன்னேன். அதோட வாயை மூடியிருக்கணும். மூடலையே! அன்னிக்கி மதியம் பெரிய மார்க்கெட்டுல ஒருத்தன் வஞ்சிரக் கருவாடுன்னு சொல்லி வேற எதையோ எனக்கு வித்துட்டான். கண்ணு தெரியலன்னு ஏமாத்திட்டான். அந்தக் கதையை ஆரம்பிச்சேன். உபதேசியாருக்கும் கருவாடுன்னா உசிரு. அவரு எழுதிகிட்டே, "அப்புறம் என்னா ஆச்சி, மோந்து பாத்தீங்களா?"ன்னு கேக்க, நான் சொல்ல, அவரு கேக்க. ரெண்டு பேரையும் ஒரே பக்கத்துல எழுதிட்டாரு. எந்தப் பக்கம்னு நீங்களே தெரிஞ்சிக்கோங்க.

மறுநாள் காலைல புள்ளையும் மருமவளும் வீட்டு வேலையில இருக்க, நான் மட்டும் போயி மொத பெஞ்சுல உக்காந்திருக்கேன். கண்ணு தெரியலன்னு எப்பவும் மொத பெஞ்சுதான். மைக்கு கரகரன்னு சத்தம் போட்டுச்சி. உபதேசியார் படிக்கறாரு. மொதல்ல யாரோ ஒரு பொண்ணுக்குக் கல்யாணம் கூடி வரணும், யாருக்கோ வீசா கெடைக்கணும். அப்புறம் கொரலைத் தாழ்த்தி, இறந்தவங்க ஆத்துமா இளைப்பாற்றிக்குன்னு ஆரம்பிச்சி என் வீட்டுக்காரர் பேரைப் படிச்சாரு. நான் சிலுவை போட்டுகிட்டேன். அடுத்து என் பேரைப் படிச்சாரு.

எங்க கோயில் மைக்கு வெளிய கோபுரத்துல இருக்கற கூம்பு ஸ்பீக்கருக்கும் போவும். தெரு பூரா கேக்கும். எங்க வீட்டுல மட்டும் மிக்சி ஓடற சத்தத்துல யாருக்கும் கேக்கலையாம்.

எனக்கு மொதல்ல ஒன்னும் புரியல. என் பேருள்ளவ வேற யாராச்சும் செத்துட்டாளா, எனக்குத் தெரியாம அது எவளா இருக்கும்னு யோசிக்கறேன். அதுக்குள்ள அடுத்து, "முத்தியால்பேட்டை, இன்னாரோட மனைவி"ன்னு சேத்துப் படிச்சாரு. அது நான்தான். பின் பெஞ்சுல பூ விக்கறவ ஒருத்தி, என்னைவிடச் சின்னவ, என் முதுகுல நறுக்குன்னு கிள்ளுனா.

"யக்கா! நீ இருக்கியா?"

"இருக்கேன்டி. கிள்ளாத, வலிக்குது."

"பின்ன உன்னைச் சேத்துப் படிக்கறாரு?"

"அதான் எனக்கும் தெரியல. சும்மா இரு, பூசை ஆரம்பிச்சிருச்சி."

மணி அடிச்சிட்டாங்க. சாமியாரு வந்துட்டாரு. அந்த வயசான சாமியாரு மாத்தலாயிப் போயிட்டாரு, இது புதுசா வந்த சின்ன சாமியாரு. வந்து ஒரு மாசம்கூட ஆவல, என்னை யாருன்னே அவருக்குத் தெரியாது. எழுந்து நின்னு, "சாமி, நான் சாவல"ன்னு கத்தவா முடியும்? உக்காந்திருந்தேன். என்னா பண்றது, என் பூசையை நானே கண்டேன்.

பாதி பூசை வரைக்கும் சிரிப்பாத்தான் இருந்துச்சி. முந்தானையை வாயில வச்சி அடைச்சிகிட்டேன். நடுவுல செத்தவங்களை நெனச்சி வேண்டிக்கற எடம் ஒன்னு வரும். எல்லாரும் முட்டி போட்டிருப்போம். சாமியாரு அந்த எடத்துல நிறுத்தி, நிதானமா, என் வீட்டுக்காரர் பேரையும் என் பேரையும் சேத்துச் சொன்னாரு. ரெண்டு பேரும் ஒன்னா ஆண்டவர்கிட்ட வந்து சேரட்டும்னு, முடியாத வெளிச்சம் ரெண்டு பேரு மேலயும் படட்டும்னு.

நான் வாய் பழக்கத்துல ஆமென்னு சொல்லிட்டேன்.

சொன்னப்புறம்தான் ஒறைச்சிச்சி. நாலு வருஷமா தெனம் நான் கேட்டது இதுதான. இதோ, நான் கேட்டதையே ஊரே முட்டி போட்டு எனக்காகக் கேக்குது. நானும் ஆமென் போட்டுட்டேன். இப்ப ஆண்டவர் சரி வான்னு சொன்னா?

அப்ப என் மனசு என்னா சொல்லணும்? வர்றேன் சாமின்னு சொல்லணும் இல்ல? நான் பொட்டியெல்லாம் கட்டி ரெடியா இருக்கறவளாச்சே. ஆனா உள்ளேருந்து வந்தது வேற. வேணாம் ஆண்டவரே, இப்ப வேணாம். இட்லிக்கு அரிசி ஊற வச்சிருக்கேன். பேத்தி முன்பல்லு ஆடிகிட்டு இருக்கு, இன்னும் விழல. எங்க தெருவுக்கு அடுத்த தெருவுல பச்சை வலை போட்டு மறைச்சி என்னமோ கட்டறான், ரெண்டு மாடி ஏத்திட்டான், அது என்னான்னு தெரியாமலே போயிருவேனே!

இதையெல்லாம் போயி ஆண்டவர்கிட்ட சொல்றேன், அதுவும் பூசை நடுவுல. மோட்சம் எப்படி இருக்கும்னு ஒரு கேள்வி வரல. அந்த பச்சை வலைக்குள்ள என்னா இருக்குன்னுதான் வந்துச்சி. நாலு வருஷத்துக்கப்புறம் எனக்கு வந்த மொதக் கேள்வி அது. அப்பதான் அழுகை வந்துச்சி. சிரிப்புக்கு வச்ச முந்தானையை எடுத்து கண்ணைத் தொடச்சிகிட்டேன்.

பூசை முடிஞ்சதும் நேரா உபதேசியார்கிட்ட போனேன். கும்பலா நின்னுகிட்டு இருந்தவங்க எனக்கு வழிவிட்டாங்க. பேய்க்கு விடற மாதிரி. அவரு பீடத்துத் துணியை மடிச்சிகிட்டு இருந்தாரு.

"என்னா உபதேசியாரே, என்னை அனுப்பிட்டீங்களா?"

மனுஷனுக்கு முகம் எப்படி ஆச்சின்னு எனக்குத் தெரியல, கண்ணு தெரியாதே. ஆனா கையில இருந்த துணி என் காலு மேல வந்து விழுந்துச்சி. "ஐயோ ஆயா, கருவாடு... கருவாட்டுக் கதையில..."ன்னாரு. அவரைத் திட்ட எனக்கு மனசு வரல. பேசிப் பேசி அவரை எழுத விடாம பண்ணவ நான்தான.

வீட்டுக்கு வந்தேன். மருமவ பேத்தியை ஸ்கூல்ல விடப் போயிருந்துச்சி. புள்ள வேலைக்குப் போயிட்டான். நான் பாட்டுக்கு ரொட்டியை டீயில தொட்டுத் தின்னுகிட்டு உக்காந்திருக்கேன். எட்டு, எட்டரை இருக்கும். வாசல்ல ஆட்டோ வந்து நின்னுச்சி. எறங்கறதுக்குள்ள ஒப்பாரி.

"என்னைப் பெத்த சம்மந்தி! தங்கமான மனுஷியாச்சே! எம் பொண்ணை உன் பொண்ணா வச்சிருந்தியே! ஒரு வருஷம் உன்கிட்ட பேசாத பாவியாயிட்டேனே!"

கொரலைக் கேட்டதும் யாருன்னு தெரிஞ்சிருச்சி. பூசைக்கு வந்த எவளோ பெரிய மார்க்கெட்டுல போயி சொல்லியிருக்கா. அங்க அன்னிக்கின்னு பாத்து காய் வாங்க வந்த என் சம்மந்தி காதுல விழுந்துருச்சி. காயை அங்கேயே போட்டுட்டு, பெருசா ஒரு சம்பங்கி மாலையை வாங்கிகிட்டு ஆட்டோ புடிச்சி வந்துட்டாங்க.

உண்மையைச் சொல்லணும். நான் உடனே எழுந்து போயி இருக்கணும். போவல. இன்னும் என்னா சொல்றாங்கன்னு கேக்க ஆசையா இருந்துச்சி. என் மீன் கொழம்பு மாதிரி இந்தப் பாண்டிச்சேரியில ஒருத்தி வைக்க முடியாதாம். உசிரோட இருந்தப்ப உப்பு அதிகம்னு சொன்னவங்க.

மாலையோட உள்ள வந்து நின்னாங்க. நான் ரொட்டியும் கையுமா உக்காந்திருக்கேன்.

"வாங்க சம்மந்தி. டீ குடிக்கறீங்களா?"

மாலை கீழ விழுந்துச்சி. அன்னிக்கி என்னைப் பாத்தவங்க எல்லாம் கையில இருக்கறதைக் கீழ போட்டாங்க. அப்புறம் வந்துச்சி பாரு.

"அடிப் பாவி! உசிரோடவா இருக்க! தெரு பூரா கேக்க அழுதுகிட்டு வந்தேனேடி! என் மானம் போச்சேடி!"

மொத மொறையா என் மூஞ்சிக்கு நேரா என்னை நீன்னு, வாடி போடின்னு சொன்னாங்க. அடிக்க வந்த கையாலயே என்னைக் கட்டிப் புடிச்சிகிட்டாங்க. ரெண்டு பேரும் அழுதோம், சிரிச்சோம், டீ ஆறிப் போச்சி. அந்த நேரம் பாத்து மருமவ வந்து, வாசல்ல ஆட்டோவையும் உள்ள மாலையையும் பாத்துட்டு அலறிருச்சி. அதை சமாதானம் பண்ணவே கால் மணி நேரம் ஆச்சி. அந்த மாலையை என்னா பண்றதுன்னு யோசிச்சோம். போட்டோவுல இருக்கற என் வீட்டுக்காரருக்குப் போட்டோம். அவருக்குத்தான நினைவு நாளு.

பத்து மணிக்கு சின்ன சாமியாரு உபதேசியாரை இழுத்துகிட்டு வந்துட்டாரு. மன்னிப்பு கேக்கறாரு. சின்ன வயசு, திரும்பத் திரும்பக் கேக்கறாரு. எனக்குப் பாவமா போச்சி. ஆனா கேள்வி வந்துருச்சே, விட முடியுமா?

"ஃபாதர், ஒன்னு கேக்கறேன். உசிரோட இருக்கறவளுக்கு செத்த பூசை வச்சிட்டா, அது எங்க போவும்? செல்லுமா, செல்லாதா?"

அவரு உபதேசியாரைப் பாத்தாரு. உபதேசியார் மோட்டுவளையைப் பாத்தாரு. பக்கத்துல உக்காந்திருந்த என் சம்மந்திதான் எனக்கு இதையெல்லாம் சொன்னாங்க.

"தெரியலயே ஆயா. செமினரியில இதை எங்களுக்குச் சொல்லித் தரல. ஆனா வேண்டிகிட்டது வீணா போவாது. வெளிச்சம் கேட்டோம். எந்த வழியிலயாவது குடுப்பாரு."

அவரு எனக்குக் கண்ணு தெரியாதுங்கறதை அறியாமத்தான் சொன்னாரு. சம்மந்தி என் தொடையில இடிச்சாங்க. நான் அவங்க கையைப் புடிச்சிகிட்டு, "சம்மந்தி, அந்த டாக்டரம்மாகிட்ட என்னைக் கூட்டிகிட்டு போறியா?"ன்னேன். நானும் நீன்னே சொல்லிட்டேன். சரியாப் போச்சி.

ஈஸ்டர் முடிஞ்சி ஆப்பரேஷனுக்கு நாள் குறிச்சாங்க. அன்னிக்கிக் காலைல நான் ஒரு வேலை பண்ணேன். பச்சைப் பொட்டியைத் தொறந்து, அந்த வெள்ளைப் புடவையை எடுத்துக் கட்டிகிட்டேன். சாவுக்குன்னு வச்சது. அதைக் கட்டிகிட்டு போயி கண்ணைத் தொறந்துகிட்டு வந்துட்டா, அப்புறம் சாவு என்னை ஒன்னும் மெரட்ட முடியாதுன்னு ஒரு நெனப்பு. வீட்டுல யாருக்கும் சொல்லல. வந்து பாத்த சம்மந்தி, "இவ்ளோ அழகான புடவையை வச்சிகிட்டாடி பழசையே கட்டிகிட்டு இருந்த?"ன்னு கேட்டாங்க. வெள்ளைப் புடவையைப் போயி அழகுங்கறாளே, ஆஸ்பத்திரிக்கு போறவளைத் தைரியப்படுத்த சொல்றான்னு நெனச்சிகிட்டேன்.

ஆப்பரேஷனுக்கு உள்ள போறப்ப அவங்க குடுத்த பச்சை அங்கியை மாட்டி விட்டாங்க. புடவையை சம்மந்தி மடியில வச்சிகிட்டு வெளிய உக்காந்திருந்தாங்க. வலி ஒன்னும் இல்ல. உள்ள டாக்டரம்மாகிட்ட, "எடுத்த புரையை என்னா பண்ணுவீங்க? பாக்கலாமா?"ன்னு கேட்டேன். "பேசாதீங்க பாட்டி, தலை ஆடுது"ன்னாங்க. நான் ஜெபமாலை சொல்லிகிட்டு கெடந்தேன்.

மறுநாள் காலைல கட்டைப் பிரிச்சாங்க. அந்தப் புடவையைத்தான் கட்டிகிட்டு உக்காந்திருந்தேன். கண்ணைத் தொறந்து மெதுவா கீழ பாக்கச் சொன்னாங்க. பாத்தேன்.

என் மடி பூரா பூ.

சின்னச் சின்னதா, நெல்லு மணி அளவுக்கு ரோஸ் கலர் பூ, அதுக்குப் பக்கத்துல ஒரு பச்சை எலை. வெள்ளையில அச்சடிச்சது. கையால தடவுனா தெரியாது. நான் ஆஸ்பத்திரித் துணியோன்னு நெனச்சி முந்தானையை இழுத்துப் பாத்தேன். முந்தானையில இன்னும் நெருக்கமா பூ. இது யார் புடவைன்னு கேட்டேன். "உன்னுதுதான்டி, நேத்துக் கட்டிகிட்டு வந்தியே"ன்னாங்க சம்மந்தி.

வெள்ளைதான்னு சொன்னாரு அந்த மனுஷன். மீசைக்குள்ள சிரிச்சாரு. பொட்டியில வைக்க வெள்ளைப் புடவை வாங்கியாங்கன்னு பொண்டாட்டி சொன்னா, உயிரோட இருக்கறவ கட்டற புடவையை வாங்கிட்டு வந்திருக்காரு. ஒரு நாள் தொறந்து பாப்பா, பாத்துட்டு சண்டைக்கு வருவான்னு நெனச்சிருப்பாரு. சண்டை போட அவரு இல்ல. அவரு இல்லாத நாலு வருஷமும் அந்தப் பூவெல்லாம் என் கட்டிலுக்கு அடியிலதான் இருந்திருக்கு. நான் அதுக்கு மேல படுத்துகிட்டு, என்னைக் கூப்பிட்டுக்கோன்னு அழுதுகிட்டு இருந்திருக்கேன். அழக்கூடாது, கண்ணுக்கு ஆவாதுன்னு டாக்டரம்மா சத்தம் போட்டாங்க. நான் அழல, சிரிக்கறேன்னு சொன்னேன். சிரிப்பும் கொஞ்ச நாளைக்கி மெதுவா சிரிங்கன்னாங்க.

ஆங், அந்தப் பச்சை வலை! அதைச் சொல்லாம விட்டா நீங்க என்னைத் திட்டுவீங்க. ரெண்டு மாசம் கழிச்சி வலையைப் பிரிச்சான். சம்மந்தியைக் கூட்டிகிட்டு மொத ஆளா போயி நின்னேன். என்னா கடைன்ற? பாத்ரூம் டைல்ஸ் விக்கற கடை! இதுக்காகத்தான் மோட்சத்துக்குப் போவாம இருந்தியான்னு சம்மந்தி சிரிச்சி சிரிச்சி ரோட்டுலயே உக்காந்துட்டாங்க. ஆனா உள்ள போயி பாத்தேன் பாரு, ஒரு டைல்ஸுல மீனு, ஒன்னுல சிப்பி, ஒன்னுல அலை. ஒரு மணி நேரம் சுத்திப் பாத்தோம். கடைக்காரத் தம்பிகிட்ட ஒவ்வொன்னா கேட்டேன். "ஆயா, வீடு கட்டறீங்களா?"ன்னு கேட்டாரு. "இல்லப்பா, இப்பதான் கண்ணு வந்துச்சி"ன்னேன்.

அடுத்த வருஷம் நினைவு நாளுக்கு நான் கோயில் ஆபீசுக்குப் போனப்ப, உபதேசியார் ரெண்டு கையையும் கூப்புனாரு. "ஆயா, மொதல்ல பேரு. அப்புறம் கருவாடு"ன்னாரு. என் வீட்டுக்காரர் பேரை ஒரு பக்கம் எழுதி, என் பேரை எதுர் பக்கம் எழுதி, ரெண்டையும் விரல் வச்சி எனக்குக் காட்டுனாரு. எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனா எது எந்தப் பக்கம்னு நல்லா தெரிஞ்சிச்சி. நோட்டை மூடுனா ரெண்டும் ஒன்னு மேல ஒன்னு வந்து படும்னும் தெரிஞ்சிச்சி.

இப்ப அந்தப் பச்சைப் பொட்டியில கிறிஸ்மஸ் குடில் பொம்மை வச்சிருக்கேன். பூப்போட்ட புடவை ஞாயித்துக்கெழம பூசைக்குக் கட்டறது. கட்டிக் கட்டி ஓரம் நைஞ்சி போச்சி. "அப்ப உங்களுக்கு வேற எடுத்து வக்க வேணாமா அத்தே?"ன்னு எழுதிகிட்டே கேக்குது இது. அன்னிக்கி எது கொடியில காயுதோ அதைக் கட்டி அனுப்பு, போதும்னு சொல்லிட்டேன்.

ஆண்டவர் கூப்பிட்டா சந்தோஷமா போவேன், அதுல மாத்தம் இல்ல, ஆனா இப்பல்லாம் படுக்கறப்ப நான் கேக்கறது, "நாளைக்கி எனக்கு என்னா காட்டப் போற சாமி?"ங்கற ஒரே கேள்விதான்.